கணக்கும் கானமும்

திருத்தணியிலிருந்து மேற்கே போகிற சாலையில் ஆர்.கே.பேட்டை இருக்கிறது. ராமகிருஷ்ணராஜுபேட்டை என்ற நீண்ட பெயரை ஜனங்கள் அப்படிச் சுருக்கிக்கொண்டார்கள். நெசவு ஊர். தெருவில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும். கடைத்தெருவில் ஒருவர் தமிழில் விலை கேட்பார். கடைக்காரர் தெலுங்கில் பதில் சொல்வார். இருவருக்கும் அதில் ஒரு விசேஷமும் தோன்றாது. 1960 ஏப்ரல் முதல் தேதிக்கு முன்பு திருத்தணி வட்டாரம் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அன்றுதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தேசப்படத்தில் ஒரு கோடு இடம் மாறிற்று. ஜனங்களின் நாக்கில் இருந்த இரண்டு பாஷைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

கோடு கிழிப்பது அறிவின் வேலை. கிழிக்காவிட்டால் காரியம் நடக்காது. ஆனால் கிழித்த கோட்டுக்குள் அடங்கி இருப்பது உயிருள்ள பொருள்களின் சுபாவம் அல்ல. இந்த உண்மையைச் சங்கீதத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகளில் சாஸ்திரக் கணக்குக்குப் பெயர் போன ஒருவர், தம்முடைய முதல் கீர்த்தனையைத் திருத்தணி மலையில்தான் பாடினார். முத்துஸ்வாமி தீட்சிதரைச் சொல்கிறேன்.

தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். சியாமா சாஸ்திரிகள் 1762-லும், தியாகராஜர் 1767-லும் அதே ஊரில் பிறந்தவர்கள். பதின்மூன்று வருஷத்துக்குள் ஒரே ஊர் மூன்று பேரைக் கொடுத்துவிட்டது! தீட்சிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதர் பெரிய வித்வான். அவர் குடும்பத்தோடு சென்னைக்கு அருகில் உள்ள மணலிக்கு வந்து, முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தார். அங்கே வந்த சிதம்பரநாத யோகி என்ற துறவி, இளைஞர் முத்துஸ்வாமியைத் தம்முடன் காசிக்கு அழைத்துப் போனார். காசியில் சில வருஷங்கள் கழிந்தன. குரு மறைந்த பிறகு தெற்கே திரும்பிய சீடர் திருத்தணிக்கு வந்து சேர்ந்தார்.

மலையில் அவர் தியானத்தில் இருந்தபோது ஒரு கிழவர் வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, ஒரு கற்கண்டுத் துண்டை நாவில் போட்டுவிட்டு மறைந்துபோனார் என்பது குடும்பத்தார் சொல்லிவந்த வரலாறு. வந்தவர் முருகனே என்று தீட்சிதர் கொண்டார். அதனால்தான் அவருடைய பாட்டுக்களில் 'குருகுஹ' என்ற முத்திரை. கற்கண்டை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். எனக்கு ஆச்சரியமாக இருப்பது கற்கண்டு அல்ல. அதைச் சுவைத்தவர் எதைப் பாடினார் என்பதுதான்.

தெய்வம் எதிரே வந்து நின்றதாக உணர்கிற மனிதன் என்ன செய்வான்? அழுவான்; கூத்தாடுவான்; வாய்க்கு வந்ததைப் பிதற்றுவான். தீட்சிதர் மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்துக்கொண்டார். 'ஸ்ரீநாதாதி' என்று தொடங்கும் கீர்த்தனை அது. மாயாமாளவகௌளை என்றால் பெயர்தான் பெரிதாக இருக்கிறது. பாட்டு வாத்தியார் எதிரில் முதல் நாள் உட்கார்ந்த குழந்தை 'ஸ ரி க ம' என்று இழுக்கிறதே, அந்த ராகம்தான். இந்தப் பாடமுறையைப் புரந்தரதாசர் ஏற்படுத்தினார் என்பார்கள்.

குழந்தைகளுக்கு அதை ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், அதன் அமைப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு படிகளாக வைத்துக்கொள்ளுங்கள். ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்கு ஒரு படி. அதிலிருந்து காந்தாரத்துக்கு மூன்று படி. அங்கிருந்து மத்தியமத்துக்கு ஒரு படி. நடுவில் இரண்டு படி தாண்டினால் பஞ்சமம். பிறகு மறுபடியும் ஒன்று, மூன்று, ஒன்று. மேல் ஷட்ஜம் வந்துவிட்டது. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. கீழே கற்ற அடியை மேலே மறுபடி வைத்தால் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கீர்த்தனையில் குருகுஹனை முதல் வேற்றுமையில் வைத்துப் பாடினார். அதைத் தொடர்ந்து, 'குருகுஹனை', 'குருகுஹனால்', 'குருகுஹனுக்கு' என்று ஸமஸ்கிருதத்தின் எட்டு வேற்றுமைகளுக்கும் எட்டுக் கீர்த்தனைகள் அமைந்தன. ஆனந்தத்தின் உச்சியில் நின்ற ஒரு மனிதர் ஒரு கையில் பாலபாடத்தையும் மறு கையில் இலக்கணத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது எவ்வளவு வேடிக்கையான விஷயம்! ஆனால் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு இலக்கண வகுப்பில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவதில்லை. ஏன் தோன்றவில்லை என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்ல ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னால் போகவேண்டும். தஞ்சை நாயக்க அரசர்களுக்கு மந்திரியாக இருந்தவர் கோவிந்த தீட்சிதர். அவருடைய மகன் வேங்கடமகி. 1633 முதல் 1673 வரை ஆண்ட விஜயராகவ நாயக்கரின் காலத்தில் அவர் 'சதுர்தண்டி பிரகாசிகை' என்ற சங்கீத நூலை எழுதினார். அவருடைய வம்சத்தில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம்தான் ராமஸ்வாமி தீட்சிதர் பாடம் கேட்டார். ஆகவே வேங்கடமகியின் கணக்கு முத்துஸ்வாமி தீட்சிதருக்குக் குடும்பச் சொத்து மாதிரி.

அந்தக் கணக்கு மிகவும் எளியது. ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷபமும் காந்தாரமும் சேர்ந்து நிற்க ஆறு வழிகள் உண்டு. தைவதமும் நிஷாதமும் சேர்ந்து நிற்கவும் அதே போல ஆறு வழிகள். ஆறை ஆறால் பெருக்கினால் 36. மத்தியமம் இரண்டு விதம். ஆகவே 72. ஏழு ஸ்வரமும் உள்ள மேளங்கள் 72-தான் இருக்க முடியும். ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ பரமசிவனாலும் ஆகாது என்று வேங்கடமகி அடித்துச் சொன்னார். ஆறு ஆறு முப்பத்தாறு என்பதைக் கடவுளாலும் மாற்ற முடியாதல்லவா?

ஆனால் அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை எத்தனை? அவர் கணக்கிலேயே 19-தான். அதிலும் 'ஸிம்மரவம்' என்ற ஒன்று அவரே உண்டாக்கியது. மீதி 53 கட்டங்களில் பாட்டு இல்லை, பாடுகிறவர் இல்லை. பிற்காலத்தில் தோன்றுகிற ராகங்களுக்கு அவை இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இலக்கியத்துக்குப் பிறகுதான் இலக்கணம் என்று தமிழ்ப் புலவர்கள் சொல்வார்கள். இங்கே 53 இடத்தில் இலக்கணம் முன்னால் வந்து, இலக்கியத்துக்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தது!

ரசாயன சாஸ்திரத்தில் இதே போன்ற ஒரு கதை உண்டு. 1869-ல் ருஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ் மூலகங்களை அட்டவணையில் வரிசைப்படுத்தியபோது சில கட்டங்களைக் காலியாக விட்டார். அவற்றுக்குரிய பொருள்கள் இனிமேல் அகப்படும் என்றார். 1875-ல் காலியம் அகப்பட்டது. 1886-ல் ஜெர்மானியம் அகப்பட்டது. உலகம் வியந்தது. தஞ்சாவூர்க்காரர் அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே கட்டங்களைக் காலியாக விட்டுவைத்தார். ஒரு வித்தியாசம் உண்டு. ரசாயனக் கட்டத்தில் அடைக்க வேண்டிய பொருள் பூமிக்குள் எங்கேயோ கிடந்தது. தேடி எடுத்தால் போதும். சங்கீதத்தின் காலிக் கட்டத்துக்குரிய பொருள் எங்கும் கிடையாது. ஒரு மனிதன் பாடினால்தான் உண்டு.

பாடுவதும் சுலபமாக இல்லை. 72-ல் 40 மேளங்களில் விவாதி ஸ்வரங்கள் வருகின்றன. ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம் மூன்றும் அடுத்தடுத்த படிகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அல்லது மேல்பாதியில் தைவதமும் நிஷாதமும் அப்படி நெருக்கும். பழைய வித்வான்கள் இதைத் தோஷம் என்று ஒதுக்கிவந்தார்கள். கணக்கு 'உண்டு' என்கிறது. காது 'வேண்டாம்' என்கிறது. இருவருக்கும் நடுவில் யார் பஞ்சாயத்துச் செய்வது?

திருத்தணி முருகனைப் பற்றிய அந்த எட்டுக் கீர்த்தனைகளையே சாட்சிக்குக் கூப்பிடலாம். அவற்றில் ஏழாம் வேற்றுமைக் கீர்த்தனை பானுமதி ராகத்தில் அமைந்தது. பானுமதி 4-வது மேளம், அசல் விவாதி. அதில் தீட்சிதர் என்ன செய்தார்? வேங்கடமகி வழியில் ஒரு சலுகை இருந்தது. ஏழு ஸ்வரங்களும் ஏறும்போதும் வரிசையாக வரவேண்டும், இறங்கும்போதும் வரிசையாக வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் சேர்த்து ஏழும் வந்துவிட்டால் போதும். இடிக்கிற இரண்டு பேரை ஒரே வாசல் வழியாக அனுப்பாமல், ஒருவரைப் போகும்போதும் மற்றவரைத் திரும்பும்போதும் அனுப்பலாம். எண்ணிக்கையைக் கணக்கு நிர்ணயித்தது; பாதையைக் காது நிர்ணயித்தது. நூறு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்த வீட்டில் அப்படித்தான் விளக்கு எரிந்தது.

இதுவரை சொன்னதிலிருந்து கணக்குதான் ராகத்தைப் பெறுகிறது என்று யாராவது முடிவு கட்டிவிட்டால், அதே எட்டுக் கீர்த்தனைகள் எதிர்க்கட்சிக்கும் சாட்சி சொல்லும். முதல் கீர்த்தனை மாயாமாளவகௌளை. மூன்றாவது பாடி ராகம். ஆறாவது பூர்வி. மூன்றும் 15-வது மேளத்தைச் சேர்ந்தவை. அட்டவணையைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஸ்வரஸ்தானங்கள் ஒன்றே. கேட்டுப் பாருங்கள், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லலாமே தவிர, ஒன்றை மற்றொன்றாக நினைக்க முடியாது. எந்த ஸ்வரத்தில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு ஓடுவது, எங்கே வளைவது என்பதில் முகம் மாறிவிடுகிறது. அதற்கெல்லாம் அட்டவணையில் கட்டம் கிடையாது.

இரண்டாவது கீர்த்தனை ஆனந்தபைரவி. அதை 20-வது மேளத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. 22-வது மேளத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. அந்த ராகம் தன் வீட்டுக்கு அன்னியமான ஸ்வரங்களையும் கூச்சமில்லாமல் கூப்பிட்டு உட்காரவைப்பதால் வந்த தகராறு. நான்காவது கீர்த்தனை ஸாம ராகம். அதில் நிஷாதமே இல்லை. 28-வது மேளத்துக்கும் 29-வது மேளத்துக்கும் உள்ள வித்தியாசமே நிஷாதம் ஒன்றுதான். அது இல்லாதபோது இந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை? அட்டவணை வாயைத் திறக்காது.

ராமஸ்வாமி தீட்சிதர் உண்டாக்கியதாகச் சொல்லப்படும் ஹம்ஸத்வனியை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. அதில் மத்தியமமும் இல்லை, தைவதமும் இல்லை. பொறுமையாகக் கணக்குப் போட்டால் 27, 29, 30, 63, 65, 66 ஆகிய ஆறு மேளங்களில் எதுவும் அதற்குத் தாயாக இருக்கலாம். வழக்கத்தில் 29 என்று சொல்லிவிட்டோம். காரணம் கேட்டால், 'காதுக்கு அப்படித் தோன்றுகிறது' என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கணக்கு முடிந்த இடத்தில் காது தீர்ப்புச் சொல்கிறது.

பைரவி ராகத்தின் துணிச்சல் இன்னும் அதிகம். வேங்கடமகி சொன்ன 19 மேளங்களில் பைரவியும் ஒன்று. 20-வது மேளத்துக்கு ஒரு தைவதம்தான் உண்டு. ஆனால் இன்று நாம் கேட்கும் பைரவி ஏறும்போது ஒரு தைவதத்தையும் இறங்கும்போது இன்னொரு தைவதத்தையும் பிடித்துக்கொள்கிறது. சாஸ்திரம் என்ன செய்தது? பைரவியை ஊரை விட்டுத் தள்ளிவைக்கவில்லை. 'பாஷாங்க ராகம்' என்று பெயர் கொடுத்து வீட்டுக்குள் அழைத்துக்கொண்டது. தோற்ற இடத்தில் ஒரு பெயர் வைத்துக் கௌரவமாக ஒதுங்கத் தெரிந்ததுதான் நம் சங்கீத சாஸ்திரத்தின் பெருந்தன்மை.

ஆர்.கே.பேட்டை நெசவாளிக்கு இதெல்லாம் விளங்காத விஷயம் அல்ல. தறியில் பாவு நூல் எண்ணி ஓட்டப்படுகிறது. இழை தவறினால் துணியில் அது கோடாகத் தெரியும். ஆனால் கடையில் புடவையைப் பிரித்துப் பார்க்கிற பெண் யாராவது பாவு இழையை எண்ணுகிறாளா? நிறத்தைப் பார்க்கிறாள், கரையைப் பார்க்கிறாள். பாவு இல்லாவிட்டால் ஊடை நூலுக்கு நிற்க இடம் இல்லை. ஊடை ஓடாவிட்டால் பாவு வெறும் நூல்.

தீட்சிதரின் வாத்தியம் வீணை. அதிலும் இதே நியாயம்தான். வீணைத் தண்டியின் மேல் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் உண்டு. ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயி. வேங்கடமகியின் 72 இந்தப் பன்னிரண்டு மெட்டுகளிலிருந்து பிறந்த கணக்கு என்று சொன்னால் தவறில்லை. ஆனால் வைணிகரின் இடது கையைப் பாருங்கள். விரல் மெட்டில் சும்மா நிற்பதில்லை. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. மெட்டுக்கு மேலே, இரண்டு மெட்டுகளுக்கு இடையே, எந்தக் கணக்கிலும் பெயர் இல்லாத இடங்களில் நாதம் ஊசலாடுகிறது. அதற்குத்தான் கமகம் என்று பெயர். தோடியின் காந்தாரத்தை மெட்டில் அசையாமல் நிறுத்திப் பாருங்கள், தோடி ஓடிவிடும். மெட்டு இல்லாவிட்டாலோ இழுப்பதற்கு ஆதாரம் இல்லை. தமிழில் வீணையின் படிக்கும் 'மெட்டு' என்று பெயர், பாட்டின் இசை வடிவத்துக்கும் 'மெட்டு' என்று பெயர். யார் முதலில் சொன்னார்களோ, சங்கீதத்தின் ரகசியத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்கள்.

கமகம் இல்லாத ஸ்வரம் எப்படி இருக்கும் என்பதைத் தீட்சிதரே பரிசோதித்துக் காட்டியிருக்கிறார். மணலியில் இருந்த நாளில் சென்னைக் கோட்டையின் ஆங்கில பாண்டு வாத்தியம் அவர் காதில் விழுந்தது. அந்த மெட்டுக்களுக்கு ஏறக்குறைய 40 ஸமஸ்கிருதப் பாட்டுக்களை எழுதினார். 'நோட்டுஸ்வரம்' என்று அவற்றுக்குப் பெயர். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுக்கூட அவற்றில் ஒன்று. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதே மணலியில் பிடில் கற்றுக்கொண்டு, அந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் சங்கீதத்துக்குக் குடியேற்றினார். நோட்டுஸ்வரங்களின் ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே. தீட்சிதரின் 'அக்ஷயலிங்க விபோ' என்ற கீர்த்தனையும் சங்கராபரணமே. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலாவது குழந்தைகள் கைதட்டிப் பாடுகிற அழகான மெட்டு. இரண்டாவது ராகம். கணக்கில் இரண்டும் 29.

தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார். பாட்டுக்கள் சீடர்களின் தொண்டையிலும் குடும்பத்தாரின் விரலிலும் இருந்தன. இதற்குள் வேறொரு 72 பரவிவிட்டது. கோவிந்தர் என்பவரின் 'ஸங்க்ரஹ சூடாமணி' சொல்லும் முறை அது. கனகாம்பரி என்று தொடங்கிய பட்டியல் கனகாங்கி என்று தொடங்கலாயிற்று. இந்தப் புதிய முறையில் ஒவ்வொரு மேளமும் ஏழு ஸ்வரத்தோடு நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். தியாகராஜரின் கிருதிகள் இந்த முறையைத் தழுவியவை என்பார்கள். அவர் அதிலும் அற்புதங்களைச் செய்தார். ஆகவே முறையின் மேல் பழி சொல்ல நான் வரவில்லை. ஆனால் நேரான கணக்கு படிக்கச் சுலபம். அதனால் அதுவே பாடப்புத்தகமாயிற்று. வளைந்து போகிற பழைய ராகங்களைப் பார்த்து, 'இதில் ஒரு ஸ்வரம் குறைகிறதே, சேர்த்துவிடலாமே' என்று சொல்லத் துடிக்கிற கைகளும் தோன்றின.

இந்தச் சமயத்தில் ஒரு புத்தகம் வந்தது. பாலுஸ்வாமி தீட்சிதரின் பேரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் அச்சிட்ட 'ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி'தான் அது. குடும்பச் சொத்தை அச்சில் ஏற்ற முதலில் அவருக்கு மனம் இல்லை. நம் சங்கீதத்தை ஐரோப்பிய ஸ்வரலிபியில் எழுத முயன்ற சின்னசாமி முதலியாரின் வற்புறுத்தலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவும் சேர்ந்து அவரை இணங்க வைத்தன. வேங்கடமகியின் 72 வரிசையிலேயே புத்தகத்தை அமைத்தார். ஆனால் வெறும் ஸ்வரத்தை எழுதினால் பாட்டு உயிரோடு வராது என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளம் வகுத்து ஸ்வரங்களின் தலைமேல் போட்டார். கட்டத்தையும் காப்பாற்றினார், கட்டத்தை மீறுகிற அசைவையும் காப்பாற்றினார். முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் இருநூறுக்கு மேற்பட்டவை இப்படிப் பிழைத்தன.

இன்னொரு விந்தை. முருகனைப் பற்றி ஸமஸ்கிருதத்தில் பிறந்த கீர்த்தனைகள், தெற்கே தமிழ்ச் சீமையில், தெலுங்கு எழுத்தில் அச்சேறின. 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அந்தப் புத்தகத்தைத் தமிழில் பகுதி பகுதியாக வெளியிட்டது. எல்லைக் கோட்டைப் பற்றி அந்தப் பாட்டுக்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்தப் பெட்டியின் கட்டைகள் வளையாது, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நாதம் இல்லை என்பது முக்கியமான குற்றச்சாட்டு. தடை சரியா தப்பா என்பது வேறு விவகாரம். குற்றச்சாட்டு மட்டும் இன்றைக்கும் யோசிக்கத்தக்கது. ராகத்தின் பெயரைச் சொன்னவுடன் மேள எண்ணையும் ஆரோகண அவரோகணத்தையும் ஒப்பிக்கிற பிள்ளைகள் இன்று நிறைய இருக்கிறார்கள். மிக நல்லது. ஆனால் அதுவே ராகம் என்று நினைத்துவிட்டால் மனத்துக்குள் ஒரு ஆர்மோனியத்தை வைத்துக்கொண்ட மாதிரிதான். அந்த மனத்துக்குப் பைரவியின் இரண்டாவது தைவதம் பிழையாகத் தோன்றும். பிழையைத் திருத்திவிட்டால் அட்டவணை சுத்தமாகிவிடும், பைரவி இருக்காது.

மறுபக்கத்தில், 'சங்கீதம் உணர்ச்சி, அதில் கணக்குக்கு என்ன வேலை?' என்று கேட்கிற ரசிகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பானுமதியைப் பாடிக் காட்ட வேண்டும். உணர்ச்சி மட்டும் அந்த வீட்டுக் கதவைத் திறந்திருக்காது. அப்படி ஒரு வீடு இருக்கிறது என்று கணக்குதான் சொல்லிற்று.

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் படித்திருவிழாவில், ஒவ்வொரு படியிலும் நின்று திருப்புகழ் பாடிக்கொண்டே ஜனங்கள் ஏறுகிறார்கள். படியை எண்ணாமல் விட்டால் எத்தனை பாட்டு ஆயிற்று என்று தெரியாது. எண்ணிக்கொண்டே ஏறிவிட்டால் முருகனைப் பாடியதாகாது. அங்கே ஏறுகிறவர்கள் இரண்டையும் செய்துகொண்டுதான் மேலே போகிறார்கள்.